தண்ணீர் நின்ற பின் குழாயில் நிகழ்வது யாது?

மும்பைத் தாராவியின் குறுகிய சந்துகளில் நடப்போர், சாக்கடையின் ஓரமாகவும், சில இடங்களிற் சாக்கடை நீருக்குள்ளேயும், கயிறுகள் பின்னிக் கிடப்பது போலச் சிறு குழாய்கள் கிடக்கக் காண்பர். அவை குடிநீர்க் குழாய்களாம். நாள்தோறும் சில மணி நேரமே அவற்றில் நீர் வருகின்றது. முதற் குடம் கலங்கியும் நாற்றத்துடனும் வருகின்றது என்று தாய்மார் முறையிட்டால், "பழைய குழாய், துருவாக இருக்கும்" எனக் களப்பணியாளர் சொல்லி அகலுதல் தகாது. துரு நிறத்தைத் தரும், மலநாற்றத்தைத் தராது.

குழாயில் நீர் ஓடும்போது அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகின்றது. ஓட்டை இருப்பின் நல்ல நீர் வீணாகும், அவ்வளவே. நீர் நிறுத்தப்பட்டதும் நிலைமை மாறுகின்றது. எஞ்சிய நீர் தாழ்ந்த இடங்களுக்கு வடியும்போது, குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறையக்கூடும். அப்பொழுது பழுதுற்ற இணைப்புகளின் வழியே சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகின்றது. வீடுகளில் மின்மோட்டார் பூட்டிக் குழாய்நீரை உறிஞ்சும் வழக்கம் இத்தீமையை மிகுவிக்கின்றது. ஆயினும் நீர் போதாமையாலேயே மக்கள் அதனை நாடுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஒடுங்கிய பிளாஸ்டிக் குழாயொன்றின் நடுவே, சூடேற்றிய ஊசியால் சிறு துளையிட்டு, அப்பகுதியை மை கலந்த நீருள்ள தட்டத்தில் அமிழ்த்துக. உயரத்தில் வைத்த பாத்திரத்திலிருந்து குழாயில் நீர் விட்டு, மறுமுனையை விரலாற் பாதி அடைத்தால், துளை வழியே தெளிந்த நீர் வெளியேறும். பின்னர் மேல்முனையை இறுக மூடி, கீழ்முனையைத் தட்டத்தினும் தாழ்வாகத் தொங்கவிடுக. வடியும் நீரில் மை நிறம் தோன்றும்.

தாராவிக்கு அருகிலுள்ள மாதுங்காவில் நிலை இவ்வாறன்று. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்கு நோயின் பின், 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைக்கப்பட்டது. தாதர், மாதுங்காப் பகுதிகள் அதன் திட்டப்படி, தெருவும் வடிகாலும் வகுக்கப்பட்டு எழுந்தவை. தாராவியிலோ வீடுகள் முன்னும் குழாய்கள் பின்னுமாக வந்தன. ஒரே நகரில் தமிழர் பலர் குடியேறிய இரு பகுதிகளுக்கிடையே உள்ள இவ்வேற்றுமை, மக்களின் பழக்கத்தால் விளைந்ததன்று; நிலத்தடியில் முதலில் இடப்பட்டது எது என்பதால் விளைந்தது.

அரசின் உதவி இல்லாமலில்லை. 1985இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் மானியம் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. 1990களில் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய கழிவுநீர்த் திட்டத்தின் கீழ்ப் பொதுக் கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. கட்டுமானச் செலவை அரசுத் தரப்பு ஏற்றது. பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து, வயது வந்தோர் ஒருவருக்கு 100 ரூபாய் வீதம் செலுத்திப் பராமரிப்பை ஏற்றனர்.

செம்பூருக்கு அப்பாலுள்ள சீட்டா முகாமின் வரலாறும் அறியத்தக்கது. டிராம்பேயில் இருந்த ஜனதா காலனி 1976இல் அகற்றப்பட்டபோது, அங்கிருந்தோர் இம்முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிற் பிறந்த தமிழர். பின்னர் குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பை நடத்தி, 2000இல் மகசேசே விருது பெற்றார்.

குறிப்பிட்ட நாளுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குடிநீர் இணைப்பு மறுக்கப்பட்டு வந்தது. பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், வீடு சட்டத்துக்குப் புறம்பானது என்பதற்காகக் குடிநீரை முற்றிலும் மறுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. உயிர்வாழும் உரிமையில் நீரும் அடங்கும் என்றது. 2022இல் மாநகராட்சி 'அனைவருக்கும் நீர்' என்னும் கொள்கையை நடைமுறைக்குக் கொணர்ந்தது.

இருப்பினும் ஓர் இடர்ப்பாடு நீங்கவில்லை. மாநகராட்சியின் பெருங்குழாயிலிருந்து பிரிந்து வரும் சிறு குழாயைப் பேணுதல் பெரும்பாலும் இணைப்புப் பெற்றோரின் பொறுப்பாகும். கழிவுநீர் புகுவதோ பெரிதும் அச்சிறு குழாயில்தான். அன்றாடக் கூலி பெறும் குடும்பங்கள் தாமே அதனை மாற்றட்டும் என்பது, எம் கருத்தில், பாதி உதவியே. சந்திலுள்ளோர் ஒன்றுகூடி, குழாய்களைச் சாக்கடை மட்டத்துக்கு மேலே உயர்த்தி அமைக்குமாறு வட்ட அலுவலகத்தில் கூட்டு விண்ணப்பம் கொடுத்தல் நலம். தனியொருவர் மனுவினும் அது எளிதிற் கவனம் பெறும்.

விண்ணப்பத்துடன் சான்றும் இருத்தல் வேண்டும். நீர் வரத் தொடங்கிய உடனே ஒரு மாதிரியும், கால் மணி நேரம் கழித்து மற்றொன்றும் எடுக்க. நுகர்வோர் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரினாவது இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் இட்ட நீர் ஓரிரு நாட்களிற் கறுத்தால், மலக்கலப்பு உண்டென ஐயுறலாம். முதல் மாதிரி கறுத்து இரண்டாவது தெளிந்திருப்பின், நிறுத்திய வேளையிற் கழிவு புகுந்ததென்றே பெரும்பாலும் கருதலாம். இரண்டுமே கறுப்பின், நீரைக் கொதிக்க வைத்தே பருகுமாறு அன்றே வீடுதோறும் அறிவித்து, மாநகராட்சியின் 1916 தொலைபேசி எண்ணிலும் முறையிடுக. நாள், நேரம், சந்தின் பெயர், குழாய் கிடக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்க மறவற்க.