பட்டாவா, லொறியா?

கற்பிட்டியில் விளையும் வெங்காயத்தையும் மிளகாயையும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொந்த வாகனம் இருந்தால், இடைத்தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்டத் தேவையில்லை. ஆனால் எந்த வாகனம்?

இந்தியாவில் டாட்டா நிறுவனம் 2005இல் அறிமுகப்படுத்திய ஏஸ் வாகனத்தையே நாம் ‘டிமோ பட்டா’ என்கிறோம். அதன் ஆரம்ப மாதிரிக்கு இரண்டு சிலிண்டர், 702 சிசி எஞ்சின், 16 குதிரைவலு. ஏற்றக்கூடியது 750 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டைகள் 15. டீசல் செலவு குறைவு, ஒழுங்கையிலும் திரும்பும். 25 மூட்டை ஏற்றினாலோ ஸ்பிறிங், பிறேக், கிளச் மூன்றும் விரைவில் கெடும்.

இசுசு எல்ஃப், மிட்சுபிசி கன்டர் போன்ற நான்கு சிலிண்டர் லொறிகள் பாரத்தையும் தூரத்தையும் தாங்கும். ஆனால் டீசலும் டயரும் கூடிய செலவு. அரைப் பாரத்தோடு ஓடினால் கைக்காசு கரையும். ஆகவே தனிக் குடும்பத்துக்குப் பட்டா போதும். நான்கைந்து குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்தால் லொறி.

இரண்டுக்கும் பகை உப்புக்காற்று. பழைய வாகனம் வாங்கும்போது பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். குனிந்து சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வாங்கிய பின் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

லீசிங் தவணை அறுவடை பார்த்து வராது, மாதந்தோறும் வரும். ஒருமுறை காணி பூமியை இழந்து வந்த குடும்பம், தவணைக்கு வாகனத்தையும் இழக்கக் கூடாது.