காற்று வீசும் மாதங்களும் வீசா மாதங்களும்

மாத இறுதியில் ஊதியம் கணக்கில் வரவு வைக்கப்படும் என்ற உறுதியோடு நம்மில் பலர் வாழ்கிறோம். காற்று வீசினால் மட்டுமே வருவாய் என்ற நிலையில் வாழ்வோரும் உண்டு. கடலோரங்களில் கைட்சர்ஃபிங் எனப்படும் பட்டச் சறுக்கு விளையாட்டைக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் அத்தகையோர். பருவக்காற்றைத் தொடர்ந்து ஊர் ஊராகச் செல்லும் அவர்களது வாழ்க்கை, வருவாய் சீராக வராத எவருக்கும் பயன்தரும் ஒரு பாடத்தைக் கொண்டுள்ளது.

பெரிய பட்டம் ஒன்று இழுத்துச் செல்ல, பலகையின்மேல் நின்று நீர்ப்பரப்பில் சறுக்கிச் செல்வதே இவ்விளையாட்டு. பட்டத்தின் முன்விளிம்பில் காற்று அடைக்கப்பட்டிருப்பதால் அது நீரில் விழுந்தாலும் மிதக்கும்; மீண்டும் பறக்கவிடலாம். இத்தகைய பட்டத்தைப் பிரான்ஸ் நாட்டு லெகைனூ சகோதரர்கள் 1980களில் உருவாக்கினர். 1990களின் இறுதியில் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் நகரின் கடலில், முதன்முறையாக இது பதக்கப் போட்டியாக நடைபெற்றது.

இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்ற இடம் இராமேசுவரம். தென்மேற்குப் பருவக்காற்று ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையிலும், வாடைக்காற்று டிசம்பர் முதல் மார்ச் வரையிலும் அங்கு வீசுகின்றன. தீவின் கிழக்குக் கோடியில் தனுஷ்கோடியை நோக்கி நீளும் நிலப்பகுதி மிகக் குறுகியது. ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் நீரிணை. ஒருபக்கக் கடல் பொங்கும்போது மறுபக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆழம் குறைந்த, அலையற்ற நீரில் மாணவர் கால் ஊன்றி நின்றே கற்கலாம்.

ஆயினும் ஆண்டு முழுவதும் காற்று இருப்பதில்லை. ஏப்ரலிலும், மழைக்காலமான அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அதை நம்ப இயலாது. இலங்கையின் கற்பிட்டியிலும் இதே பருவக்காற்றுகளே வீசுவதால், அங்குச் சென்றாலும் இந்த இடைவெளி நிரம்பாது. வாய்ப்பும் உரிய பணி அனுமதியும் உள்ளோர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று வலுத்து வீசும் பிரேசிலின் வடகிழக்குக் கரைக்குச் செல்வர். ஏனையோருக்கு அவை வருவாயற்ற மாதங்கள்.

இத்தொழிலின் மையமான இடர், காற்றின் இயல்பிலேயே உள்ளது. காற்றின் வேகம் இருமடங்கானால் பட்டத்தின் இழுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று திடீரென 40 கிலோமீட்டரைத் தொட்டால், அதுவரை இதமாக இழுத்த பட்டம் ஆளையே தூக்கி எறியக்கூடும். இதனால்தான் காற்றுக்கேற்ப வெவ்வேறு அளவுள்ள பட்டங்களைப் பயன்படுத்துகின்றனர். மெல்லிய காற்றுக்குப் பெரியது, வலுத்த காற்றுக்குச் சிறியது. பட்டத்தின் விசையை நொடியில் அறுத்துவிடும் பாதுகாப்புக் கொக்கியை இயக்குவதே மாணவர் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில், மீட்புப் படகு இல்லாமல் எவரையும் இறக்குவதில்லை.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். பருவத்தின் கடைசி வாரம். தொலைவிலிருந்து வந்த மாணவர் மறுநாள் ஊர் திரும்புகிறார். பாடம் நடந்தால்தான் கட்டணம் கிடைக்கும். வானில் கருமேகம் திரள்கிறது. காற்று விட்டுவிட்டு வீசுகிறது. "இன்று வேண்டாம்" என்று சொல்வதே பயிற்றுநரின் கடமை. ஆனால் வீட்டு வாடகைக்கு அந்தக் கட்டணத்தையே நம்பியிருப்பவருக்கு அச்சொல் எளிதில் வாயில் வராது. கையிருப்பு உள்ளவரால் தயக்கமின்றிச் சொல்ல முடியும். ஆகவே தலைக்கவசத்தையும் மிதவைச் சட்டையையும் போலவே, வங்கியில் உள்ள சேமிப்பும் அவருக்கு ஒரு பாதுகாப்புச் சாதனமே.

அச்சேமிப்பை உருவாக்கும் வழி எளிய கணக்கில் அடங்கும். ஆண்டில் எட்டு மாதங்கள் மட்டும் வருவாய் பெறுபவரின் குடும்பச் செலவு மாதம் ரூ.30,000 எனக் கொள்வோம். பன்னிரண்டு மாதங்களுக்குத் தேவை ரூ.3,60,000. அதாவது, வருவாய் உள்ள ஒவ்வொரு மாதத்திலும் ரூ.45,000 ஈட்டி, ரூ.30,000 செலவிட்டு, ரூ.15,000 ஒதுக்கவேண்டும். காற்று பொய்க்கும் ஆண்டிற்கென மேலும் ஓரிரு மாதச் செலவுத் தொகையைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நலம்.

எங்குச் சேமிப்பது என்பதும் முக்கியம். தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் தவணை கட்டவேண்டும். வருவாயற்ற மாதங்களில் தவணை தவறக்கூடும். சேமிப்புக் கணக்கில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தொகை தானாகவே நிலை வைப்பாக மாறும் வசதி இவர்களுக்குப் பொருத்தமானது; தேவைப்படும்போது பணம் கைக்கு வரும். நீண்டகாலச் சேமிப்பிற்குப் பொது வருங்கால வைப்பு நிதி உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது ரூ.500, அதிகபட்சம் ரூ.1.5 லட்சம் என்ற வரம்புக்குள், பணம் உள்ள மாதங்களில் மட்டும் செலுத்தலாம்.

காப்பீட்டையும் மறவாதீர்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா திட்டம், ஆண்டுக்கு ரூ.20 கட்டணத்தில், விபத்தில் நேரும் மரணத்திற்கு ரூ.2 லட்சம் இழப்பீடு வழங்குகிறது. ஆனால் மருத்துவச் செலவு அதில் அடங்காது. மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. எனவே தொழிலை மறைக்காமல் குறிப்பிட்டு, விலக்குகளைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

உழவர், மீனவர், சுற்றுலா வழிகாட்டி, திருமண இசைக்கலைஞர் என வருவாயில் ஏற்ற இறக்கம் காண்போர் நம்மிடையே பலர். காற்று நம் கட்டளைக்கு உட்பட்டதன்று. அது வீசும் மாதங்களில் ஈட்டியதை வீசாத மாதங்களுக்கும் பங்கிடுவது நம் கையில் உள்ளது. அவ்வாறு பங்கிட்டு வைத்தவரே, வேண்டாத நாளில் வேண்டாம் என்று சொல்லும் துணிவைப் பெறுகிறார்.