கடவுச்சொல் கல்லாச் சாவி போன்றது

2018 ஏப்ரல் 1 முதல், வெளிமாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம். காடாம்புலியூர் முந்திரிப் பருப்புக்கும் இதே விதிதான். பல கடைகளில் முதலாளி, கணக்குப்பிள்ளை, குடோன் ஆள் மூவரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறார்கள். தவறான பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும். யார் போட்டது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். பொறுப்பு என்னவோ முதலாளிக்கே.

இதற்கு வழி அந்தத் தளத்திலேயே உண்டு. முதலாளி தம் கணக்கின் கீழ் துணைப் பயனர்களைச் சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல்; யாருக்கு எந்த வேலை என்றும் வரையறுக்கலாம். அவரவர் கைப்பேசிக்கே ஓ.டி.பி. வரும்.

வணிகப் பெருமக்களே, வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்யச் சொல்லுங்கள். ஆள் நின்றால் அன்றே அவர் கணக்கை முடக்குங்கள். கல்லாச் சாவியைத் திருப்பி வாங்காமல் யாரையாவது அனுப்புவோமா?