எழுந்ததும் விழும் கணினி

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. காலை 10.40 மணியிலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் செக்-இன் வேலை தடுமாறத் தொடங்கியது. இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் போன்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டது. கவுன்டர் ஊழியர்கள் பேனாவை எடுத்தார்கள். நாட்டின் பல விமான நிலையங்களில் அன்று பயணிகள் கையில் இருந்தது கையால் எழுதிய போர்டிங் பாஸ். இண்டிகோ மட்டுமே 190-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் நிலைமை சீரானது என்றார் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு.

நகரத்துக்குள் ஐ.டி. அலுவலகங்களில் வேறு காட்சி. வேலையில் இருந்தவர்களின் லேப்டாப்பில் திடீரென நீலத்திரை. தானாகவே ரீஸ்டார்ட். விண்டோஸ் பாதி எழும்பியதும் மறுபடி நீலத்திரை, மறுபடி ரீஸ்டார்ட். இதைச் செய்தது வைரஸ் அல்ல, வைரஸைப் பிடிப்பதற்காகக் காவல் வைத்த மென்பொருள். அதற்கு வந்த சின்னஞ்சிறு அப்டேட் ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, 85 லட்சம் கணினிகளை வீழ்த்தியது.

கோளாறு வந்தால் நாம் எல்லோரும் செய்யும் முதல் வைத்தியம் ரீஸ்டார்ட். பெரும்பாலும் பலிக்கிறது. அன்று ஏன் பலிக்கவில்லை?

இருபத்தோராவது தகவல்

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தலைமையகம் கொண்ட கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் ஃபால்கன். புதுப்புதுத் தாக்குதல் முறைகளை அடையாளம் காண்பதற்கான குறிப்புகளை அது சிறு கோப்புகளாக வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு அடிக்கடி அனுப்பும். அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு அப்படியொரு கோப்பு கிளம்பியது. அதன் எண் 291.

அந்தக் கோப்பு எதிர்பார்த்தது 21 தகவல்கள். அதைப் படிக்கும் நிரல் கொடுத்ததோ 20. இந்தப் பொருத்தமின்மை பிப்ரவரி மாதத்திலிருந்தே உள்ளே இருந்தது. அதுவரை வந்த கோப்புகள் எல்லாம் 21-வது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்று குறித்திருந்தன. அதனால் அந்த இடத்தைத் திறந்து பார்க்கும் அவசியமே வரவில்லை. ஜூலை 19 அன்று வந்த கோப்புதான் முதன்முறையாக அந்த இடத்தில் உள்ளதை ஒப்பிடச் சொன்னது. இல்லாத தகவலைத் தேடிப்போன நிரல், தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தைத் தாண்டிக் கை வைத்தது. கோப்பை அனுப்பும் முன் சரிபார்க்கும் மென்பொருளிலும் பிழை இருந்ததால் அங்கேயும் சிக்கவில்லை.

சாதாரணச் செயலி இப்படித் தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஃபால்கன் இயங்குவது விண்டோஸின் அடிமட்டமான கெர்னலில். அங்கே வரம்பு மீறல் நடந்தால், தரவு கெடாமல் காக்க, முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடுவதுதான் விண்டோஸின் விதி. அந்த நிறுத்தத்தின் முகம்தான் நீலத்திரை. திருடனுக்கு முன்பே காவல் நிற்க வேண்டும் என்பதால் ஃபால்கன் கணினி எழும்பும்போதே முதல் ஆட்களில் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பியதும் 291-ஐப் படிக்கும். படித்ததும் விழும். இந்தச் சுழற்சிக்கு இயல்பான முடிவே கிடையாது.

கிரவுட்ஸ்ட்ரைக் 10.57-க்கு, அதாவது 78 நிமிடங்களில், கோப்பைத் திரும்பப் பெற்றது. அந்த நேரத்தில் அணைந்து கிடந்த கணினிகள் தப்பின. மேக், லினக்ஸ் கணினிகளுக்கு இந்தக் கோப்பால் பாதிப்பில்லை. கோப்பை வாங்கிக்கொண்ட விண்டோஸ் கணினிகளுக்கோ, திருத்தம் தயாராகியும் அதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு விழித்திருக்க முடியவில்லை.

ரீஸ்டார்ட் எதை அழிக்கிறது?

ரீஸ்டார்ட் செய்யும்போது கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் துடைக்கப்படுகிறது. சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளும் செட்டிங்குகளும் அப்படியே இருக்கின்றன. இயங்கி இயங்கி ரேமில் சேர்ந்த குழப்பம், எங்கோ மாட்டிக்கொண்ட இணைப்பு, இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை இவையெல்லாம் ரீஸ்டார்ட்டில் போய்விடும். கோளாறு சேமிப்பகத்தில் குடியேறியிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். வீட்டில் பீஸ் போனால் கம்பி மாற்றுகிறோம். மின்னழுத்தம் சற்று எகிறியதால் போயிருந்தால் விளக்கு எரியும். சுவருக்குள் ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தால் புதுக்கம்பியும் போகும்.

அப்கிரேடு என்பது சேமிப்பகத்தை மாற்றும் வேலை. ஆகவே அப்கிரேடு ஆனதும் தொடங்கும் தொடர் ரீஸ்டார்ட்டை, அதே ரீஸ்டார்ட்டால் தீர்க்க முடிவது அபூர்வம்.

ஆனால் அன்று மைக்ரோசாஃப்ட், தன் கிளவுடில் இயங்கிய கணினிகளுக்கு விசித்திரமான யோசனை ஒன்றைச் சொன்னது: பலமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், 15 முறை வரைகூடத் தேவைப்படலாம். சிலருக்கு அது பலிக்கவும் செய்தது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் உள்ளே ஒரு பந்தயம் நடக்கிறது. நீலத்திரை விழுவதற்குள் நெட்வொர்க் கிடைத்து, திருத்திய கோப்பு வந்து சேர்ந்தால் கணினி பிழைக்கும். வேகமான இணைப்பு உள்ள இயந்திரம் எப்போதாவது ஜெயிக்கும். மற்றவற்றுக்கு ஆள்தான் போக வேண்டியிருந்தது. கணினியை சேஃப் மோடில் எழுப்பி, 291 என்ற எண் கொண்ட கோப்பை அழித்து, திரும்பவும் ரீஸ்டார்ட். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்டச்சு செய்தாக வேண்டும். ஒரு கணினிக்குச் சில நிமிடங்கள். அலுவலகத்தில் ஆயிரம் கணினிகள் இருந்தால்?

எண்ணத் தெரிந்த காவலாளி

85 லட்சம் இயந்திரங்கள் விழுந்ததால் அது செய்தியானது. இதன் சிறிய வடிவங்கள் பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் அன்றாட விவகாரம். ஒரு செயலிக்குப் பின்னால் லாகின், பணப் பரிமாற்றம், தேடல் என்று பல சர்வீஸ்கள் சர்வர்களில் ஓடுகின்றன. எதுவாவது விழுந்தால் எழுப்பிவிட ஒரு காவலாளி நிரல் இருக்கும். லினக்ஸில் பெரும்பாலும் சிஸ்டம்டி. பெரிய அமைப்புகளில், கூகுளில் பிறந்து 2014-இல் வெளியிடப்பட்ட குபர்நெட்டீஸ். இரவு 2 மணிக்கு விழுந்த சர்வீஸை மனிதர் எழுந்திருக்காமலே எழுப்பிவிடுவது இவர்களின் பணி.

காவலாளிக்கு எழுப்பத் தெரிந்தால் போதாது, எண்ணவும் தெரிய வேண்டும். சிஸ்டம்டியின் இயல்பான விதி, 10 விநாடிக்குள் 5 முறை கிளப்பியும் நிலைக்காவிட்டால் கைவிடுவது. குபர்நெட்டீஸ் கைவிடாது, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும்: 10 விநாடி, 20, 40 என்று இரட்டித்து அதிகபட்சம் 5 நிமிடம். 'கிராஷ்லூப்பேக்ஆஃப்' என்று திரையில் வரும்போது ஆன்-கால் இன்ஜினீயருக்குத் தூக்கம் போய்விடும். இடைவெளி கூட்டுவதற்குக் காரணம் உண்டு. விழுந்து விழுந்து எழும் சர்வீஸ் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தட்டும், மற்ற சர்வீஸ்களைக் கேட்கும். தான் கெட்டதோடு பக்கத்தில் இருப்பவற்றையும் களைக்க வைக்கும்.

இதிலும் பொறிகள் உண்டு. சிஸ்டம்டியில் 'ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் முன் 5 விநாடி பொறு' என்று யாராவது நல்லெண்ணத்தில் எழுதிவைத்தால், 10 விநாடிக்குள் 5 முறை என்ற எல்லையை அது எட்டவே எட்டாது. சர்வீஸ் மாதக்கணக்கில் விழுந்து எழுந்துகொண்டே இருக்கலாம், யாருக்கும் தெரியாமல்.

என்ன சேஞ்ச் போச்சு?

சர்வீஸ் படுத்ததும் அனுபவசாலிகள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா என்ன சேஞ்ச் போச்சு?" என்பதுதான். அடுத்து லாக், அதாவது சர்வீஸ் ஓடும்போது எழுதிவைக்கும் குறிப்பு. இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். இப்போது ஓடும் சர்வீஸின் லாக்கைத் திறந்தால் 'தொடங்குகிறேன், தொடங்குகிறேன்' என்றுதான் இருக்கும். அது இப்போதுதான் பிறந்தது. சாவுக்கான காரணம் முந்தைய பிறவியின் லாக்கில், அதன் கடைசிச் சில வரிகளில் இருக்கிறது.

விழும்போது சர்வீஸ் விட்டுச்செல்லும் எண்ணும் பேசும். எண் 1 என்றால், செட்டிங் கோப்பிலோ பாஸ்வேர்டிலோ ஏதோ பிடிக்காமல் அது தானே விலகியிருக்கிறது என்று தொடங்கலாம்; புதிய பதிப்பு கேட்கும் செட்டிங்கை யாரும் எழுதாமல் விட்டிருப்பார்கள். 137 என்றால் வெளியிலிருந்து கட்டாயமாகக் கொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒதுக்கியதைவிட அதிக ரேம் கேட்டதற்கான தண்டனை. 139 என்றால் தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. கிரவுட்ஸ்ட்ரைக் செய்ததன் தம்பி. 143 என்றால் யாரோ முறைப்படி 'நிறுத்திக்கொள்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த 137, 143 எண்கள் சில நேரம் காவலாளியையே காட்டிக்கொடுக்கும். புதிய பதிப்பு முதல்முறை எழும்பும்போது டேட்டாபேஸ் அட்டவணைகளைப் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். சில நிமிடம் பிடிக்கும். 'உயிரோடு இருக்கிறாயா?' என்று சில விநாடிக்கு ஒருமுறை கேட்கும் குபர்நெட்டீஸ், பதில் வராததால் செத்துவிட்டது என்று முடிவுகட்டி நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பாதியில் நின்ற வேலை மறுபடி முதலிலிருந்து. சர்வீஸில் நோயே இல்லை, வைத்தியம்தான் கொல்கிறது. எழும்பி முடிக்கும்வரை பொறுக்கும் தனிச் சோதனையைப் பிற்காலத்தில் குபர்நெட்டீஸில் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

காரணம் உடனே பிடிபடாவிட்டால், பழைய பதிப்புக்குத் திரும்புவதே முறை: ரோல்பேக். மக்கள் காத்திருக்கும்போது நடுவழியில் துப்பறிய உட்காரக் கூடாது. ஆனால் புதிய பதிப்பு டேட்டாபேஸை ஏற்கெனவே மாற்றியிருந்தால், பழைய பதிப்புக்கு அதைப் படிக்கத் தெரியாமல் போகலாம்; அப்போது அதுவும் விழத் தொடங்கும். திரும்பும் வழியை அப்கிரேடுக்கு முன்பே நடந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

செவ்வாயில் ஒரு சேஃப் மோடு

ஆள் போய் கோப்பை அழிக்கவே முடியாத இடத்தில் இதே கோளாறு வந்தால்? 2004 ஜனவரியில் வந்தது. நாசாவின் ஸ்பிரிட் ரோவர் செவ்வாயில் இறங்கி 18-வது நாளில் பேச்சை நிறுத்தியது. அதன் ஃபிளாஷ் சேமிப்பகத்தில், பயணக் காலத்திலிருந்தே சேர்ந்த கோப்புகள் குவிந்திருந்தன. எழும்பும்போது அவற்றின் பட்டியலை ரேமில் ஏற்ற முயன்றது, இடம் போதவில்லை, ரீஸ்டார்ட். 60 முறைக்கு மேல் இப்படி நடந்தது. இரவில் தூங்காமல் பேட்டரியையும் தின்றுகொண்டிருந்தது.

காப்பாற்றியது, ஃபிளாஷைத் தொடாமலே ரேமை மட்டும் நம்பி எழும்பச் சொல்லும் ஒரு கட்டளை. வடிவமைத்தவர்கள் அதை முன்பே உள்ளே வைத்திருந்தார்கள். அந்த நிலையில் எழுப்பி, கோப்புகளை அழித்து, ஃபிளாஷை ஃபார்மேட் செய்தார்கள். 90 செவ்வாய் நாட்களுக்காக அனுப்பிய ஸ்பிரிட் 2010 மார்ச் வரை தகவல் அனுப்பியது. பெங்களூரு அலுவலகத்தில் சேஃப் மோடில் 291-ஐ அழித்ததும் இதுவும் அடிப்படையில் ஒரே மருத்துவம்: சந்தேகத்துக்குரியதை விட்டுவிட்டு எழுந்திருப்பது.

சாவி எங்கே?

விபத்துக்கு முன்பே எச்சரிக்கையாக இருந்த நிறுவனங்களும் அன்று விழுந்தன. ஃபால்கனின் புதுப் பதிப்பை உடனே ஏற்காமல் ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும் வசதியை அவை தேர்ந்திருந்தன. அந்த வேலி மென்பொருளின் பதிப்புக்கு மட்டும்தான். அன்றாடக் குறிப்புக் கோப்புகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. இப்போது கிரவுட்ஸ்ட்ரைக் அந்தக் கோப்புகளையும் முதலில் சிறு கூட்டத்துக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று படிப்படியாக அனுப்புகிறது; எப்போது ஏற்பது என்ற முடிவில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. எழும்பவே முடியாத விண்டோஸ் கணினிக்கும் தொலைவிலிருந்து திருத்தம் அனுப்பும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் அறிவித்தது.

வீட்டு லேப்டாப்புக்கும் இதில் வேலை இருக்கிறது. பல விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு, உரிமையாளர் அறியாமலே போடப்பட்டிருக்கும். 2024-இல் சில அலுவலகங்களில் மீட்புச் சாவிகளைச் சேமித்திருந்த சர்வரே நீலத்திரையில் கிடந்தது. உங்கள் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பைக்குள் அல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.