நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய்: 'எத்தனை மாசம்?' என்பதை டாக்டர்கள் எப்படி கணிக்கிறார்கள்?

"இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?" புற்றுநோய் என்று தெரிந்ததும் பல குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி இது. திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ இருக்கும் குடும்பத்துக்கு இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: அப்பாவை ராத்திரி ரயிலில் சென்னை அடையாறு வரை அழைத்துப் போகலாமா, இங்கேயே சிகிச்சை பார்க்கலாமா? இரண்டுக்கும் பதில் பயாப்சி ரிப்போர்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே பெயர், இரண்டு நோய்

நரம்பு செல் போலவும், ஹார்மோன் சுரக்கும் செல் போலவும் இயங்கும் செல்களில் வருவது நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய். குடல், கணையம், நுரையீரல் என எங்கும் வரலாம். நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக 2018 மார்ச்சில் அறிவித்தார். 2020 ஏப்ரல் 29-ல் காலமானார். ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு கணையத்தில் இந்த வகை கட்டி இருப்பது 2003-ல் தெரிந்தது. 2011 வரை வாழ்ந்தார்.

ஆனால் இவர்களை வைத்து நம் வீட்டு நோயாளியின் காலத்தை கணக்குப் போடக்கூடாது. இதில் மெதுவாக வளரும் 'கட்டி' வகை வேறு, வேகமாகப் பரவும் 'கார்சினோமா' வகை வேறு. ரிப்போர்ட்டில் எது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

கேஐ-67 என்றால் என்ன?

செல் பிரியும்போது மட்டும் தென்படும் ஒரு புரதம் இது. 100 புற்றுசெல்களில் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்பதை இது காட்டும். 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3.

20-ஐ தாண்டிவிட்டாலே கார்சினோமா என்று அர்த்தமில்லை. செல்லின் அமைப்பு இயல்பான செல்லை ஒத்திருந்தால் அது கிரேடு 3 கட்டி. அமைப்பே சிதைந்திருந்தால்தான் கார்சினோமா. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அதனால், சந்தேகம் இருந்தால் அதே பயாப்சி பிளாக்கை வேறு நோயியல் நிபுணரிடம் காட்டுவது நல்லது. நோயாளி பயணம் செய்யத் தேவையில்லை. பிளாக்கை மட்டும் எடுத்துப் போனால் போதும்.

'11 மாசம்' என்பதன் அர்த்தம்

பரவிய நிலையில் இருந்த 305 நோயாளிகளை ஆராய்ந்த நார்டிக் நாடுகளின் ஆய்வு 2013-ல் வெளியானது. கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11 மாதம், எடுக்காதவர்களுக்கு 1 மாதம். இடைநிலை என்றால்? பாதிப் பேர் 11 மாதத்துக்குள் இறந்தார்கள், மீதிப் பாதி அதைத் தாண்டி வாழ்ந்தார்கள். அது யாருக்கும் குறித்த தேதி இல்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். கீமோவைத் தாங்க முடியாத அளவு தளர்ந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கீமோ தரமாட்டார்கள். ஆகவே 10 மாத வித்தியாசம் முழுக்க மருந்தால் மட்டும் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

அதே ஆய்வில் ஒரு ஆச்சரியமும் உண்டு. கேஐ-67 அளவு 55 சதவீதத்துக்குக் கீழ் இருந்தவர்களுக்கு பிளாட்டினம் வகை கீமோ குறைவாகவே வேலை செய்தது. ஆனால் அவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்கள்: 14 மாதம். 55 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 10 மாதம். மருந்துக்கு கட்டி சுருங்குவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

வேறு என்ன பார்க்கிறார்கள்?

நோயாளியின் உடல்நிலை மிக முக்கியம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியைத் தானே சுற்றி நடந்து வருகிறவரும், பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையில் இருப்பவரும் ஒரே ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருந்தாலும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். ரத்தத்தில் எல்டிஹெச், பிளேட்லெட் அதிகமா, கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா, பெருங்குடலில் தொடங்கியதா என்பதும் கணிப்பை மாற்றும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

'எத்தனை மாசம்?' என்று மட்டும் கேட்காமல் இப்படிக் கேளுங்கள்:

* இது கட்டியா, கார்சினோமாவா? கேஐ-67 எவ்வளவு?
* நல்லபடியாகப் போனால் எவ்வளவு, மோசமானால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு?
* கீமோ எடுத்தால் கிடைக்கும் நாட்களில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும்?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண கவனிப்பு தருகிறார்கள். அதை கடைசி நாட்களுக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம். சிகிச்சையோடு சேர்த்தே கேட்டு வாங்கலாம்.