குடும்ப ஜெபம் – 9: ஹான்ஸுக்கு ஒரு தோட்டம்

மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் 1529-ஆம் ஆண்டில் விட்டென்பர்க் நகரத்து அச்சுக்கூடத்திலிருந்து முதலில் சுவரில் மாட்டும் தாள்களாக வெளிவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்க.

அந்நூலில் இராத்திரி ஜெபத்துக்கு அவர் வகுத்த விதி மிகச் சிறியது. படுக்கைக்குப் போகும் வேளையில் சிலுவை அடையாளம் இட்டு, முழந்தாளிட்டோ நின்றோ, விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் சொல்ல வேண்டும். மனமிருந்தால், பகலெல்லாம் காத்ததற்கு நன்றி கூறிப் பாவமன்னிப்பை இறைஞ்சும் ஒரு குறும் பிரார்த்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் தாமதமின்றி, மகிழ்ச்சியோடு உறங்கிவிட வேண்டும். இதை வீட்டாருக்குக் கற்பிக்கும் பொறுப்பைக் குடும்பத் தலைவனிடமே ஒப்படைத்தார். உறக்கத்தையும் விதியின் ஓர் அங்கமாக்கிய இந்த விவேகத்தை நான் வாராவாரம் புகழ்கிறேன் என்று நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கண் சொருகிய குழந்தையைத் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி வைத்துக்கொண்டு, உற்றார் உறவினர் அத்தனை பேருடைய வியாதிகளையும் ஆண்டவனுக்கு வரிசையாக அறிவிக்கும் தகப்பன்மார் நம்மிடையே உள்ளவரை, நானும் விடுவதாயில்லை.

இவ்வாரம், இந்த ஞானோபதேசம் தமிழ்ப் பிள்ளைகளின் நாவுக்குப் பழகிய தரங்கம்பாடிக்குப் போவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் லுத்தர் தம் மூத்த மகனுக்கு எழுதிய கடிதம் ஒன்று குறுக்கே வந்து வழியை மறித்துக்கொண்டது.

1530-ஆம் ஆண்டு. ஆக்ஸ்பர்க் நகரில் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி கூட்டியிருந்த மகாசபையில் சீர்திருத்தக்காரரின் விசுவாச அறிக்கை அரங்கேற இருக்க, சக்கரவர்த்தியின் தண்டனைக்கு உள்ளானவராகையால் அங்கே தலைகாட்ட இயலாத லுத்தர், கோபுர்க் கோட்டையில் தங்கி, வருகிற கடிதங்களையே எதிர்நோக்கிக் காலம் கழித்தார். மே 29-இல் தந்தை காலமான செய்தி ஜூன் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்தது. ஒரு வயது மகள் மக்தலேனாவின் சித்திரத்தை மனைவி கத்தரீனா அனுப்பியிருந்தார். குழந்தை இத்தனை கறுப்பா என்று முதலில் அடையாளம் தெரியாமல் விழித்தவர், பிறகு உணவு மேசைக்கு எதிரே அதை மாட்டிவைத்துக்கொண்டாராம். உடனிருந்த வெய்ட் டீட்ரிக் எழுதிவைத்த செய்தி இது.

அந்த நிலையில்தான், ஜூன் 19-ஆம் நாள், நான்கு வயது நிரம்பிய ஹான்ஸுக்கு அவர் எழுதினார். நீ நன்றாகப் படிப்பதும் கருத்தாய் ஜெபிப்பதும் கேட்டு மகிழ்ந்தேன் என்று தொடங்கி, தாம் கண்ட ஓர் அழகிய தோட்டத்தை வர்ணிக்கிறார். அங்கே பொன்னிற அங்கி அணிந்த பிள்ளைகள் மரத்தடியில் ஆப்பிளும் பேரியும் செர்ரியும் பொறுக்குகிறார்கள். பொற்கடிவாளமும் வெள்ளிச் சேணமும் பூட்டிய குட்டிக் குதிரைகள் நிற்கின்றன. ஊதக் குழல்கள், அடிக்க முரசுகள், எய்ய வெள்ளி விற்கள். இவர்கள் யார் என்று வினவினால், ஜெபிக்கவும் படிக்கவும் விரும்பும் நல்ல பிள்ளைகள் என்கிறார் தோட்டக்காரர். என் ஹான்ஸும் வரலாமா? வரலாம், அவன் தோழர் லிப்புஸும் யோஸ்டும்கூட வரலாம். லேனா அம்மாளையும் அழைத்து வருவானே? வரட்டும். லேனா, கத்தரீனாவின் அத்தை. நம் கணக்கில் ஹான்ஸுக்குப் பாட்டி முறை. பாட்டியை விட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் சுவர்க்கத்துக்குக்கூடப் போகாது என்பதை அந்த வேத பண்டிதர் அறிந்திருந்தார்!

ஜெபிக்காத பிள்ளைக்கு நரகம் என்ற பயமுறுத்தல் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. போப்பாண்டவரோடு வாதிடும்போது அவர் பேனா எத்தனை கடுமையாக ஓடும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மௌனத்தின் அருமை விளங்கும்.

பெரியவர்களிடத்தில் அவர் வேறு பாஷை பேசினார். 1535-இல் தம் நாவிதர் பேட்டருக்காக, ஜெபிக்கும் முறையைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதி, கண்ணையும் கருத்தையும் சவரக் கத்தியில் வைக்காமல் வம்பளக்கும் நாவிதன் ஒருவருடைய வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படியே என்று எச்சரித்தார்.

1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, இந்த ஞானோபதேசத்தைத் தமிழ்ப் பிள்ளைகளின் நாவுக்கு எவ்வாறு பழக்கினார் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். அச்சுக்கூடத்திலிருந்து பையன் வந்து வாசலில் நிற்கிறான்.