மார்பை மறைத்த ஓக் செடி

போன வாரம் ஜெஸ்ஸி ஓவன்ஸின் நான்காவது தங்கத்தோடு நிறுத்தியிருந்தோம். தேதி 1936 ஆகஸ்ட் 9, இடம் பெர்லின். அன்று பிற்பகல் அதே மைதானத்திலிருந்து 56 பேர் மாரத்தான் ஓடக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் ஜப்பான் அணியின் சோன் கிடேய். 24 வயதுகூட நிரம்பாத ஒல்லிப் பையன்.

ஜப்பான் அணி, சோன் கிடேய் என்பதெல்லாம் பதிவேட்டுக் கணக்கு. ஆள் கொரியர். பெற்றோர் வைத்த பெயர் சோன் கீ சுங். ஜப்பான் 1910ல் கொரியாவை விழுங்கியது. இவர் பிறந்தது 1912ல். உலக சாதனையே 1935லிருந்து இவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் ஒலிம்பிக்கில் ஓட வேண்டுமென்றால் ஜப்பானின் சிவப்புச் சூரியனைச் சட்டையில் தாங்கித்தான் ஓட வேண்டும். வேறு வழி கிடையாது.

முந்தைய ஒலிம்பிக்கில் வென்ற அர்ஜென்டினாவின் சபாலா ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொண்டு பறந்தார். பக்கத்தில் ஓடிவந்த இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஹார்ப்பர், ‘அவரைத் துரத்தாதே, அவராகவே களைத்துப்போவார்’ என்று சோனுக்குச் சைகை காட்டினார். போட்டியாளர் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன யோசனை! அப்படியே நடந்தது. சபாலா பாதியில் விலகிவிட்டார். சோன் 2 மணி 29 நிமிடம் 19 வினாடியில் முதலாவதாக வந்தார். ஹார்ப்பர் இரண்டாவது. மூன்றாவதாக வந்த நாம் சுங் யோங்கும் கொரியர்தான்.

பரிசளிப்பு மேடையில் ஜப்பானின் கொடி ஏறியது, கீதம் ஒலித்தது. அந்தப் புகைப்படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜெயித்த முகங்களா அவை? இருவரும் தலை கவிழ்ந்து நிற்கிறார்கள். தங்கம் வென்றவர்களுக்கு அந்த முறை ஒரு சிறு ஓக் செடியும் தொட்டியோடு கொடுத்தார்கள். சோன் அதை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார். சட்டையிலிருந்த சூரியன் இலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. நாமுக்குச் செடி கிடையாது. சோனின் தங்கத்தைப் பார்த்து வந்ததைவிட அந்தச் செடியைப் பார்த்து வந்த பொறாமைதான் அதிகம் என்று பிற்காலத்தில் அவர் சொன்னாராம். அன்றைய நாட்களில் சோன் ஒரு அஞ்சலட்டையில் கொரிய எழுத்தில் தன் பெயரைப் போட்டு, ‘கொரியன்’ என்று சேர்த்து, தேதியும் எழுதினார்: 15.8.1936.

சியோலில் ‘தோங்கா இல்போ’ பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆகஸ்ட் 25 இதழில் அவர் படத்தை வெளியிட்டபோது சட்டையிலிருந்த கொடியை அழித்துவிட்டார்கள். காலனி அரசு சும்மா விடுமா? பத்திரிகைக்காரர்கள் கைதானார்கள், ஏறக்குறைய ஒன்பது மாதம் பத்திரிகை வெளிவரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், டோக்கியோவிலும் அதே வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் கொடி ஏறியதைப் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள். சாதாரண ரசிகன் எந்த நாட்டிலும் அதைத்தான் செய்கிறான். கொடிக்குக் கீழே நிற்கும் ஆளின் முகத்தை யார் கவனிக்கிறார்கள்?

1970ல் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் உளியும் சுத்தியலுமாக இரவோடு இரவாக பெர்லின் மைதானத்துக்குள் நுழைந்தார். வென்றவர்களின் பெயர்கள் பொறித்த சுவரில், சோனின் பெயருக்கு அருகிலிருந்த ‘ஜப்பான்’ என்ற சொல்லைக் கொத்தி எடுத்துவிட்டு ‘கொரியா’ என்று செதுக்கினார். ஜெர்மன்காரர்கள் அதைப் பழையபடி ஜப்பான் ஆக்கிவிட்டார்கள். ஒலிம்பிக் கமிட்டியின் பதிவேட்டிலும் அந்தத் தங்கம் இன்றுவரை ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது. கொரியர்களின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அந்தச் சொல் அங்கேயே கிடக்கட்டும் என்பது என் கட்சி. ‘கொரியா’ என்று திருத்திவிட்டால், அந்த மேடையில் இரண்டு பேர் ஏன் தலை குனிந்து நின்றார்கள் என்று நாளைக்கு ஒரு குழந்தை கேட்பதற்கே இடமிருக்காது. 1936ல் படத்தில் கொடியை அழித்தவர்கள் அதற்காகச் சிறைக்குப் போனார்கள். அந்தக் கணக்கு வேறு.

சோனுக்குக் காலம் பாக்கி வைக்கவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 76 வயதில் தீபத்தை ஏந்திக்கொண்டு சின்னப் பையனைப் போலத் துள்ளித் துள்ளி மைதானத்துக்குள் வந்தார். 1992 பார்சிலோனா மாரத்தானில் தென்கொரியாவின் ஹ்வாங் யங் சோ, ஜப்பானின் மொரிஷிதாவை முந்தித் தங்கம் வென்றபோது பார்வையாளர் வரிசையில் சோன் இருந்தார். அன்றும் தேதி ஆகஸ்ட் 9.

அஞ்சலட்டையில் போட்ட அந்த ஆகஸ்ட் 15 அன்று, அதே பெர்லினில் இன்னொரு அடிமை நாட்டு அணி ஹாக்கி இறுதிப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. களமிறங்குமுன் உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை வெளியே எடுத்து, எல்லோரும் சல்யூட் வைத்தார்கள். பிறகு பிரிட்டிஷ் இந்தியாவின் அணியாக இறங்கி ஜெர்மனிக்கு எட்டு கோல் போட்டார்கள். கேப்டன் தயான் சந்த். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)